லைன் இரண்டின் தமிழ்க் குறிப்புகள்

அமலாவுக்கு என்ன வேலை என்று அவளுடைய சொந்த அண்ணனுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால், "கம்பெனில கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று முடித்துக்கொள்வான்.

வல்லம் வடகாலில், கார் சீட்டுக்கான இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து அனுப்பும் தொழிற்சாலை அது. உள்ளே நான்கு லைன்கள், லைனுக்கு ஆறு ரோபோக்கள். எந்த ரோபோ எப்போது கையை நீட்ட வேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதையெல்லாம் லைன் ஓரத்து இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் முடிவு செய்யும். அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பவள் அமலா. லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, அதற்கென்றே உள்ள சாஃப்ட்வேரைத் திறந்து, பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைப் பார்ப்பாள், திருத்துவாள், திரும்ப ஏற்றுவாள். மெயின்டனன்ஸில் பதினொரு பேர் இருந்தார்கள். அதில் பெண் அவள் ஒருத்தி. புரோகிராம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

அதனால் அவள் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. மெயின்டனன்ஸ் ஆண்கள் பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போவார்கள். அவளைக் கூப்பிடுவது அவர்களுக்கும் சங்கடம், போவது அவளுக்கும் சங்கடம். லைனில் வேலை செய்யும் பெண்களெல்லாம் இருபது வயதுக்காரிகள். ஹாஸ்டலிலிருந்து கும்பலாக வந்து கும்பலாகச் சாப்பிடுவார்கள். அமலா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டு "மேடம்" என்பார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் அம்மாவின் டயாலிசிஸ் நாட்களுக்குள் கரைந்துபோனது. அம்மாவும் போய் மூன்று வருடமாகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட் அவளுடையது. பக்கத்து சீட் கடைசி ஸ்டாப் வரை காலியாகவே வரும்.

இப்படி இருந்தவளுக்கு லைன் இரண்டும் நான்கும் தனி.

ஒன்றையும் மூன்றையும் வெளிநாட்டு மெஷின்காரர்களே புரோகிராம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டையும் நான்கையும் எழுதியவன் பகலவன் என்று ஒருவன். அமலா வேலைக்குச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். ஆளை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் புரோகிராமில் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு, பின்னால் வருகிறவர்கள் புரிந்துகொள்ள. ஊர் உலகமெல்லாம் அதில் ஆங்கிலத்தில்தான் எழுதும். பகலவன் தமிழில் எழுதியிருந்தான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே லைன் இரண்டு நின்றது. என்னவென்று தெரியாமல் வேர்த்துக் கொட்டிக்கொண்டு திறந்து பார்த்தால் ஒரு குறிப்பு: "மூடியாகிவிட்டது என்று இந்தக் கதவு சொல்லும். நம்பாதே. போய்ப் பார்." போய்ப் பார்த்தாள். ஒரு விரல் அளவுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே நின்று அவள் தனியாகச் சிரித்தாள்.

ஒன்பது வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் குறிப்புகளையும் படித்துவிட்டாள். பகலவன் எங்கே கோபப்பட்டிருக்கிறான், எங்கே அவசரத்தில் எழுதியிருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தொழிற்சாலையில் அவளிடம் 'நீ' என்று பேசிய ஒரே ஆள் அவன்தான்.

போன ஜனவரியில் புது வெர்ஷன் வந்தது. பழைய சாஃப்ட்வேருக்கு இனி சப்போர்ட் கிடையாது, எல்லா ஆலைகளும் மாற வேண்டும் என்று புனே தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. அவளுக்கு ஒரு புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதை ஏப்ரல் கடைசியில் ஐ.டி. ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். நான்கு லைன்களின் புரோகிராமையும் புது வெர்ஷனுக்கு மாற்றி ஏற்றினாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

மறுநாள் காலை லைன் நான்கில் ஒரு நேரக்கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தபோது திரை வெளுத்தது. அம்புக்குறி வட்டமாகச் சுற்றியது. பிறகு சாஃப்ட்வேர் தானாகவே மூடிக்கொண்டது. ஏன், எதற்கு என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அரை மணி நேரம் அடித்ததெல்லாம் போயிற்று. அன்று இரண்டு முறை. மறுநாள் ஐந்து முறை. திரும்பத் திறந்து வர ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம் ஆகும். அவள் ஒரு வரி அடிப்பதும் ஒரு முறை சேவ் செய்வதுமாக வேலை செய்யப் பழகினாள்.

மெயின்டனன்ஸ் மேனேஜர் ராஜாமணியிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். தெரியாத விஷயத்தில் மட்டும் பொறுமை கிடையாது.

"புது சாஃப்ட்வேர்னா கொஞ்ச நாள் அப்டித்தான் இருக்கும் மேடம். பழகிக்கணும்."

"பழக்கம் இல்ல சார். அதுவா மூடிக்குது."

"புனேல ஓடுது. ஹரியானால ஓடுது. எல்லாருக்கும் ஓடறது உங்களுக்கு மட்டும் ஏன் சார் நிக்கணும்?" பேச்சு வேகத்தில் அவளையே 'சார்' என்றதை அவர் கவனிக்கவில்லை.

அந்தக் கேள்வி அவளோடு பஸ்ஸில் வந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. உங்களுக்கு மட்டும் ஏன்? தன் விரல்தான் எதையோ தவறாக அழுத்துகிறதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் அது நடந்தது. லைன் இரண்டில் புது மாடல் சீட்டுக்காகச் செய்த மாற்றத்தைக் காலை பத்து இருபதுக்கு ஏற்ற ஆரம்பித்தாள். பாதி ஏறியிருக்கும்போது திரை வெளுத்தது. சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. பெட்டிக்குள் பாதி புரோகிராம் மட்டும் தங்கிப்போக, ஆறு ரோபோக்களும் கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றன. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. ஒரகடத்துக் கார் கம்பெனிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றிருந்தது.

அவள் திறந்தாள், மூடிக்கொண்டது. திறந்தாள்; மூடிக்கொண்டது. அவளைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். அவள் திரையைப் பார்க்கிறாள், அவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். யாரோ பின்னாலிருந்து, "தெரிஞ்ச ஆளா ஒருத்தன போடணும்பா" என்றது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது முறைதான் முழுதும் ஏறியது. லைன் ஓடும்போது மணி ஒன்றரை.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. லைன் இரண்டில் சட்டம் ஏற்றும் பெண் மஞ்சுளா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தாள்.

"குடிங்க மேடம். மூஞ்சியே செத்துகினு கீது. மூணு மணி நேரம் ஒக்காந்து எங்களுக்கு இடுப்பு வலி போச்சு, அத நெனச்சு சந்தோசப்படுங்க."

அமலா சிரிக்கப் பார்த்தாள். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டீ அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

அன்று மாலை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முறையாகப் புகார் அனுப்பினாள். அந்தப் புகாரைத் தொடர்வதற்கு 'டிக்கெட்' என்று ஓர் எண் வந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஃபிரடி என்பவன் பேசினான். தமிழ்க் குரல்.

"ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"மூணு தடவ."

"சரி, ஒண்ணு பண்ணுங்க. எப்பெப்ப நிக்குதோ, டைம் எழுதுங்க. எந்த லைன், என்ன பண்ணிட்டு இருந்தீங்க, எல்லாம். நான் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்."

சொன்னபடி கூப்பிட்டான். அதற்கடுத்த வெள்ளியும் கூப்பிட்டான். கம்ப்யூட்டரின் மெமரி, ஆன்டிவைரஸ், கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான், அவளும் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தாள். ஒன்றும் பயனில்லை. ஆனால் அவள் சொல்வதை நம்பி, கேட்டு, எழுதிக்கொள்ள ஒரு குரல் இருந்தது. இடையில் அவனுடைய அம்மாவுக்கு முட்டி வலி என்பதும், பெங்களூரில் குடிநீர் லாரி வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவந்தன.

மார்ச் நடுவில் அவளுடைய நோட்டில் நாற்பத்தேழு பதிவுகள் சேர்ந்திருந்தன. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அதைப் புரட்டினாள். லைன் இரண்டு. நான்கு. நான்கு. இரண்டு. நான்கு. விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். ஒன்றும் இல்லை, மூன்றும் இல்லை. ஒருமுறைகூட.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். லைன் நான்கின் புரோகிராமை லேப்டாப்பில் பிரதி எடுத்து, பக்கம் பக்கமாக நகர்த்திப் பார்த்தாள். பகலவனின் நீளமான குறிப்பு ஒன்று திரைக்கு வந்த இடத்தில் வெளுத்தது. திரும்பவும் பார்த்தாள். இன்னொரு நீளமான குறிப்பு, அங்கேயும் வெளுத்தது. பிரதியிலிருந்த குறிப்புகளை மட்டும் நீக்கிவிட்டு ஓடவிட்டாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அசையவில்லை.

வெள்ளி வரை பொறுக்க முடியாமல் அவளே ஃபிரடியைக் கூப்பிட்டாள்.

"தமிழா? புரோகிராம் உள்ளயா? யார் மேடம் தமிழ்ல எழுதுவாங்க?"

"ஒருத்தர் எழுதியிருக்கார். நீங்களும் எழுதிப் பாருங்க. ஒரு மூணு வரி."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஃபிரடி கத்தினான்: "மேடம்! எனக்கும் செத்துடுச்சு! எனக்கும் மூடிக்கிச்சு!"

அவன் சந்தோஷத்தில் கத்தியது தன் கண்டுபிடிப்புக்காக. அமலாவுக்குக் கண் கலங்கியது அந்த 'எனக்கும்' என்ற சொல்லுக்காக. ஐம்பது நாளில், அவளுக்கு நடந்தது இன்னொருவருக்கும் நடந்தது அதுவே முதல் தடவை.

வெளிநாட்டிலிருக்கும் குழு இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றான் ஃபிரடி. அதுவரைக்கும் தமிழை எடுத்துவிட வேண்டியதுதான். ராஜாமணிக்கு நிம்மதி. "அவ்ளோதானா? எடுத்துடுங்க மேடம். இங்லீஷ்ல போட்டுக்கங்க. ஆடிட்டுக்கு வர்றவன் அதத்தான் கேப்பான்."

லைன் ஓடும்போது செய்ய முடியாத வேலை. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து அப்படியே ஷேர் ஆட்டோவில் தொழிற்சாலைக்குப் போனாள். ரோபோக்களெல்லாம் தலை குனிந்து நின்றிருக்கும் அந்தப் பெரிய கூடத்தில் ஃபேன் ஓசை மட்டும் கேட்கும். இடப்பக்கம் பழைய லேப்டாப், வலப்பக்கம் புதியது. இடத்தில் படித்து வலத்தில் எழுதினாள். "மழை பெய்தால் இந்த சென்சார் பொய் சொல்லும், திட்டாதே, துடைத்துவிடு" என்பது 'ஈரப்பதம் இருந்தால் சுத்தம் செய்யவும்' என்ற பொருளில் நான்கு ஆங்கிலச் சொற்களாயிற்று. "ஏன் இரண்டு நொடி என்று கேட்காதே, ஒன்றரை வைத்தேன், என் கை நசுங்கப் பார்த்தது" என்பது 'குறைந்தபட்சம் இரண்டு நொடி' ஆயிற்று. பொருளெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் எழுதியவனைக் காணோம்.

எந்த ஆங்கிலத்துக்கும் போகாத குறிப்புகள் பத்தொன்பது மிஞ்சின. "பசி. மீதி நாளைக்கு." "இதுவரை வந்துவிட்டாயா? பொறுமைசாலிதான் நீ." "மகள் பிறந்தாள். இன்று எதையும் மாற்றவில்லை." இவற்றால் எந்த மெஷினுக்கும் உபயோகமில்லை. அழிப்பதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அவளால் தட்ட முடியவில்லை. பத்தொன்பதையும் இரண்டு தாளில் பிரின்ட் எடுத்தாள். ஹெச்.ஆர். பெண்ணிடம் கெஞ்சிப் பழைய பதிவேட்டிலிருந்து பகலவனின் எண்ணை வாங்கினாள்.

"எந்த கம்பெனி? ஓ, அதுவா!" என்றது போனில் ஒரு உற்சாகமான குரல். "வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, குஞ்சு பொரிக்கிற பகலவன்னு கேளுங்க மேடம். யார் வேணாலும் காட்டுவாங்க."

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். தன்னைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ புரிந்துவிடும் என்று, வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் எதிர்பார்த்தாள்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. வரிசையாக ஃபிரிட்ஜ் அளவுக்குப் பெட்டிகள், உள்ளே மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தட்டுத் தட்டாக முட்டைகள். அவளைவிட நான்கைந்து வயது மூத்தவனாக, தொப்பை விழுந்த, லுங்கி கட்டிய ஒரு மனிதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் மனதில் வைத்திருந்த ஆள் ஒல்லியாக இருந்தான்.

"எல்லாப் பெட்டிக்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோல் நானே பண்ணது மேடம்" என்று காட்டினான். நாற்காலி போட்டான். அவன் மனைவி ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அமலா விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினாள். அவன் கையை எட்ட நீட்டிப் பிடித்துப் படித்தான்.

"இதெல்லாம் நானா எழுதினேன்?"

"ஆமா சார்."

"ஞாபகமே இல்ல மேடம்." சிரித்தான். "அப்ப எனக்கு இங்லீஷ் வராது. தப்பா எழுதினா கிண்டல் பண்ணுவாங்க. எவன் படிக்கப்போறான்னு தமிழ்ல எழுதிட்டேன்."

பிறகு இரண்டாம் தாளில் ஓரிடத்தில் கண் நின்றது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"மகள் பிறந்தாள்..." என்று வாய்விட்டுப் படித்தான். "எழுதினது ஞாபகம் இல்ல. அந்த நாள் ஞாபகம் கீது. லைன் அப்பதான் ஸ்டார்ட் பண்ற நேரம். லீவு குடுக்கல. காஞ்சிபுரத்துலேர்ந்து மச்சான் போன் பண்ணி சொன்னான். சுத்தி எல்லாம் இந்திக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அதுல எழுதிட்டன் போல." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இப்ப அஞ்சாவது படிக்கிறா."

அமலா அந்தக் குறிப்பை எத்தனையோ முறை படித்திருக்கிறாள். மிட்டாய் கொடுத்து, எல்லோரும் கைகுலுக்கி, அந்தப் பூரிப்பில் அவன் வேலையைத் தொடாமல் விட்ட நாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நான் படிச்சேன் சார்" என்றாள். "ஒம்போது வருசமா. எல்லாத்தையும்."

பகலவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்று, "இன்னாபா, எரநூறு குஞ்சு ரெடியா?" என்று ஒருவர் கூப்பிட்டார். "தோ வர்றேன்" என்று எழுந்தான். போகிறவன் திரும்பி, "இத நான் வச்சிக்கவா மேடம்? வூட்டுல காட்டணும்" என்றான்.

"உங்களோடதுதானே சார்."

டெம்போவில் குஞ்சுக் கூடைகளை ஏற்றி முடிக்க நேரமாகும் போலிருந்தது. அவள் கையசைத்துச் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். ஒரகடம் பஸ் உடனே கிடைத்தது.

பழைய லேப்டாப் இன்னும் பத்து நாள் அவளிடம் இருந்தது. நினைத்திருந்தால் இன்னொரு பிரின்ட் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று பத்தொன்பதையும் அழித்தாள். திங்கட்கிழமையிலிருந்து சாஃப்ட்வேர் ஒருமுறைகூட மூடிக்கொள்ளவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் ராஜாமணி, "அந்த சாஃப்ட்வேர் பிரச்சினைய வெண்டர் சரி பண்ணிட்டாங்க" என்று ஒரு வரியில் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ஃபிரடி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். டிக்கெட் திறந்திருக்கும்வரை கூப்பிட வேண்டும் என்பது அவனுக்கு விதி. "ஒண்ணும் பிரச்சினை இல்லையே மேடம்?" "இல்ல." பிறகு ஐந்து நிமிடம் மழை, அம்மாவின் முட்டி, பெங்களூர் டிராஃபிக். அமலா பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே இரைச்சல் இல்லாத ஸ்டோர் ரூம் பக்கம் போய் நிற்கப் பழகியிருந்தாள்.

ஆகஸ்டில் சரிசெய்த வெர்ஷன் வந்துவிட்டது. ஃபிரடி பெருமையோடு சொன்னான்: "என்னென்ன சரி பண்ணாங்கங்கற லிஸ்ட்ல உங்க டிக்கெட் நம்பரப் போட்டிருக்காங்க மேடம். இனி தமிழ்ல என்ன வேணா எழுதுங்க, சாகாது. டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடலாமா?"

"ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றேனே."

இரண்டு நாளும் தேவைக்கு மேலேயே சோதித்தாள். வீட்டு முகவரி, காய்கறிப் பட்டியல், ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகம் என்று கைக்கு வந்த தமிழையெல்லாம் அடித்துப் பார்த்தாள். உறுதியாக நின்றது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, 'மூடலாம்' என்று மெயில் அனுப்பினாள். சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் தரச் சொல்லித் தானியங்கிப் பதில் வந்தது. ஐந்து கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கால் பழக்கத்தில் ஸ்டோர் ரூம் பக்கம் போய்விட்டது. மணி பதினொன்று ஆனது. பதினொன்று ஐந்து ஆனது. போனை எடுத்து, சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், அணையவில்லை. அப்போது லைன் இரண்டில் சிவப்பு விளக்கு சுற்ற, "மேடம், இங்க வாங்க, மறுபடி அந்தக் கதவுகிட்ட நின்னுகிச்சு!" என்று மஞ்சுளா கூப்பிடுவது கேட்டது. அமலா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள்.